சிவப்பு நிறமும் சரிவில் போடும் பாத்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பவானி நீர்ப்பிடிப்புப் பகுதியின் மண் அரிப்பைக் கணிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலை நம்பி வெள்ளாமை பார்க்கிறவன் நான்.

பவானிசாகர் அணை 105 அடி என்று நாங்கள் சொல்வதே 120 அடியில் சகதிக்கென்று 15 அடியைக் கழித்துவிட்டுத்தான். நீலகிரியில் கரையும் மண் மாயாற்றிலும் பவானியிலும் இறங்கி, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையிலும் இதே தொல்லை. ஆகவே இந்த ஆய்வு தேவைதான்.

ஆனால் மண் அரிப்பு அதிகம் என்று வரைபடம் காட்டும் சிவப்பு நிறத்தைக் கட்டுரை அப்படியே நம்பிவிட்டது. அது ஓடையில் அளந்து கண்டதல்ல. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவு, பயிர் மூடாக்கு, வரப்பு மாதிரியான தடுப்பு ஆகிய ஐந்தையும் பெருக்கி வருவது. இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். நீலகிரியில் ஒரு படிக்கட்டு வயலின் அகலமே சில மீட்டர்தான். வரப்பு இருக்கிறதா, உடைந்து கிடக்கிறதா என்பது அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. மண்ணே இல்லாத மொட்டைப் பாறைகூட வெற்று நிலமென்று சிவப்பாகிவிடும்!

அப்புறம், மேகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மண் போவது அப்படிப்பட்ட நாட்களில்தான். சாதாரணக் கேமரா படத்தில் அன்றைக்கு மேகம்தான் தெரியும். தெளிவான படம் கிடைப்பது பெரும்பாலும் கோடையில். கேரட் பிடுங்கிய காடு மழைக்காலத்தில் வெறுமையாகக் கிடந்ததை அந்தப் படம் எப்படிச் சொல்லும்? ரேடார் படங்கள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செயற்கைக்கோள் அந்த வகைதான். இனிமேல் இந்தக் குறை கொஞ்சம் தீரலாம்.

சிவப்பு காட்டும் ஓடைகள் சிலவற்றிலாவது மழை நாட்களில் நீரெடுத்து, எவ்வளவு மண் கலந்து வருகிறது என்று அளக்க வேண்டும். ஊட்டியிலேயே மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1950-களிலிருந்து இயங்குகிறது. அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. திருத்திய வரைபடத்தை ஓடை ஓடையாகப் பிரித்து, தமிழில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று. மலை விவசாயியைக் குற்றவாளியாக்க இந்த வரைபடத்தைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்றுதான் அவர் சரிவோடு பாத்தி போடுகிறார். மண்ணைக் காக்கக் குறுக்கே பாத்தி போட்டு, வடிகால் வெட்டி, கல் வரப்பு கட்டச் செலவாகும். அதுவும் குத்தகை நிலத்தில் யார் கைக்காசைப் போடுவார்? அணையில் தூர்வார ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு மானியமாகக் கொடுங்கள். பலன் பெறும் ஆயக்கட்டுக்காரர்களிடம் அதற்கென்று ஏக்கருக்குச் சிறு தொகை வாங்கினாலும், என் வரையில் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன விவசாயி,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.