ஃபயர் சர்வீஸ்ல இருந்த எங்க மாமாவைப் பத்தி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல எங்க தாய்மாமா இறந்த செய்தி சின்ன போட்டோவோட வந்துச்சு. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மனைவி மக்க பேரப்புள்ளைக இருக்காங்க, எடுக்குறது எத்தனை மணிக்குன்னு போட்டிருந்தீங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, இடம் அவ்வளவுதான் இருக்கும். ஆனா காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்னு இந்தச் சுத்துப்பட்டுலயே மாறி மாறி டூட்டி பாத்தவரு, அவரு பேரு கூடத் தெரியாம அவரால உசுரோட இருக்கவங்க இங்க நிறைய பேரு. அவங்க கண்ணுல படட்டும்னுதான் எழுதுறேன்.

ஃபயர் சர்வீஸ்னா தீ அணைக்கிறதுன்னுதான் நாம நெனைக்கிறோம், நம்ம பக்கம் கிணத்துக்கு வரச் சொல்லி வர்ற போன்தான் ஓயாதும்பாரு மாமா. ஆடு விழுந்துருச்சு, மாடு விழுந்துருச்சு, மஞ்சுவிரட்டு சமயத்துல காளை விழுந்துருச்சுன்னு. புதுவயல் பக்கம் ஒரு பாழுங்கிணத்துல கன்னுக்குட்டி விழுந்து, அந்த வீட்டுப் பையன் சட்டையக் கழட்டிட்டு கயித்தப் புடிச்சு இறங்கப் போயிட்டான், மாமா வண்டிய விட்டுக் குதிச்சு ஓடி அவன இடுப்போட சேத்துப் புடிச்சு இழுத்துப் போட்டாராம். பையன் திமிறுறான், கெட்ட வார்த்தையில திட்டுறான், கன்னு கத்துறது வேற கேக்குது. மாமா ஒண்ணும் பேசாம ஒரு அரிக்கேன் விளக்கப் பத்தவச்சு கயித்துல கட்டி உள்ள விட்டிருக்காரு, பாதிக் கிணறு கூட இறங்கல, அணைஞ்சு போச்சு. உள்ள மூச்சு விடக் காத்தே இல்லைன்னு அப்பத்தான் கூட்டத்துக்கு உறைச்சிருக்கு. அப்புறம் ஹோஸ்ல தண்ணிய நல்லாப் பீச்சி அடிச்சு உள்ள இருக்க காத்த மாத்தி, மறுபடி விளக்க விட்டுப் பாத்து அது நின்னு எரிஞ்சதுக்கப்புறம்தான் இறங்குனாரு. கன்னு பொழைக்கல. பையன் பொழைச்சான், அவனுக்கு இப்ப ரெண்டு புள்ளைக, துஷ்டிக்கு வந்து எங்க அத்தை கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. கிணத்துல ஒருத்தரு மயங்கி விழுந்தா காப்பாத்தப் போறேன்னு அடுத்தடுத்து இறங்கி மூணு பேரு நாலு பேருன்னு போற செய்திய நீங்களே எத்தனை தடவ போட்டிருப்பீங்க.

வீட்லயும் அவரு அதே மனுஷன்தான். எங்க அக்கா கல்யாணத்துக்கு வீட்லயே பலகாரம் போட்டாங்க, மணகோலம் சுட்டுக்கிட்டு இருக்கப்ப எண்ணெய்ச் சட்டி குப்புன்னு பிடிச்சிருச்சு, சமையக்காரரு பதறிப்போயி செம்புத் தண்ணிய எடுத்துட்டாரு. "தண்ணி ஊத்தாதய்யா"ன்னு மாமா போட்ட சத்தத்துல செம்பு கீழ விழுந்து உருண்டுச்சு. அடுப்ப அணைச்சாரு, பக்கத்துல கெடந்த பெரிய தாம்பாளத்த ஓரமா இருந்து சரிச்சு சட்டிய மூடுனாரு, ஆறுற வரைக்கும் யாரையும் தொட விடல. கொதிக்கிற எண்ணெயில தண்ணி பட்டா அது ஆவியாகி எண்ணெயையும் தீயையும் சேத்து மேல தூக்கி அடிக்கும்னு அன்னைக்கு எங்க வீட்டுப் பொம்பளைக அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தாரு. கேஸ் வாடை வந்தா சுவிட்சுல கை வைக்காத, கதவு ஜன்னலத் தொறந்து விடுன்னு நாங்க கேட்டுக் கேட்டே வளந்தோம்.

தீபாவளிக்கு அவரு வீட்ல இருந்து நான் பாத்ததே இல்ல, அன்னைக்குத்தான அவங்களுக்கு லீவே கிடையாது. அத்தை மறுநாள்தான் புள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக் குடுக்கும், அப்பா வந்துதான் வெடி. சித்திரை ஒண்ணும் அப்படித்தான். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள், 1944ல பம்பாய் விக்டோரியா டாக்ல பருத்தியும் வெடிமருந்தும் ஏத்தி வந்த கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரங்க செத்தாங்க, காலையில ஸ்டேஷன்ல அவங்களுக்கு மரியாதை செஞ்சுட்டு வந்துதான் வீட்ல இலை போடுவாங்க. நமக்கு வருசப்பொறப்பு, அவருக்கு ரெண்டும்.

2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 94 புள்ளைக போன அன்னைக்கு டிவி முன்னாடி உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. மறுநாள் யூனிஃபார்மோட மக படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போயி சத்துணவு சமையல் எங்க நடக்குது, மேல கீத்து இருக்கா, மாடிக்கு ரெண்டாவது படிக்கட்டு எங்கன்னு கேட்டிருக்காரு. உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்ததுன்னாங்களாம். அப்பனா வந்திருக்கேன்னு சொல்லிட்டு, கீத்தப் பிரிச்சு எறக்குற வரைக்கும் தினம் போயி நின்னாரு. ரிட்டயர் ஆகிப் பல வருசம் கழிச்சு 2024 செப்டம்பர்ல குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி கொட்டகைத் தீயில வெந்து செத்துச்சே, அப்பவும் அப்படித்தான் சோறு தண்ணி எறங்காம கெடந்தாரு.

கடைசியா, மாமா வாட்ச்மேன்க கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்த ஒண்ணையும் எழுதிடுறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு நம்ம பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவுலயும் பின்கட்டு அடுத்த தெருவுலயும் இருக்கும், நடுவுல பூராவும் தேக்கு. அந்த மரத்துல தீ ஏறிட்டா ஒரு பக்கமா நின்னு அடிச்சு அணைக்க முடியாது, ரெண்டு பக்கமும் ஆள் போகணும். பூட்டிப்போட்டு மெட்ராஸ்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கவங்க யாராச்சும் இதப் படிச்சா, பின்கட்டுச் சாவி ஒண்ணப் பக்கத்துல நம்பிக்கையான ஆள் கிட்டக் குடுத்து வைங்க. பின்வாசல் தெருவ மறிச்சுக் கொட்டகை போட்டிருக்கவங்க தண்ணி வண்டி நுழையுற அளவுக்காவது வழி விடுங்க. 101க்கு அடிச்சா வண்டி வந்துரும், தெரு முக்குல நின்னு போற நிலைமைதான் இப்ப இருக்கு.

வர்ற ஏப்ரல் 14 அன்னைக்கு நம்ம பக்கத்து ஸ்டேஷன்கள்ல வேலை பாக்குறவங்க, ரிட்டயர் ஆனவங்களப் பத்தி உங்க பேப்பர்ல ஒரு பக்கம் போடணும்னு கேட்டுக்கிறேன். மாமா கூட டூட்டி பாத்தவங்க ரெண்டு மூணு பேரு இங்கதான் இருக்காங்க, உங்க நிருபர் வந்தா நானே கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
அவரோட அக்கா மகன்,
காரைக்குடி.