கஸ்தூரிபா யாருடைய நிழலும் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு ‘அன்னை கஸ்தூரிபா’. பதினோரு பிள்ளைகள் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். ஆனால் அவர்களில் ஒன்பது பேர் ‘அண்ணல் காந்தியின் நிழலாக வாழ்ந்து மறைந்தவர்’ என்ற வரியை எங்காவது ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பெரியவர்கள் எழுதிக்கொடுப்பதைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வரலாற்று ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள்தான். அது அந்த அம்மையாருக்குச் செய்யும் அநீதி என்று இப்போது உறுதியாக எண்ணுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கஸ்தூரிபாவைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவருடைய கணவரின் எழுத்து வழியாக வந்தது. 1869-இல் போர்பந்தரில் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் வாழ்க்கைப்பட்டு, ஏட்டுப் படிப்பு இல்லாமல் கணவன் வீடு வந்த அவர், தம் கதையைத் தாமே எழுதி வைக்கவில்லை. அப்படியிருந்தும், கணவர் தம் பிழைகளை ஒப்புக்கொள்வதற்காக எழுதிய பக்கங்களிலேயே அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்கிறது. அந்தப் பக்கங்களை மகாத்மாவின் மனமாற்றத்தைக் காட்டும் சான்றாக மட்டும் படித்துப் பழகிவிட்டதால், எதிரே நின்று வாதாடியவர் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

1901-ஆம் ஆண்டு நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட முடிவு செய்த காந்தியடிகளுக்கு நேட்டால் இந்தியர்கள் தங்கமும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அவற்றில் கஸ்தூரிபாவுக்கென்று கொடுத்தது 50 கினி (அக்கால ஆங்கிலேயப் பண அளவு) மதிப்புள்ள தங்கக் கழுத்தணி ஒன்று. பொதுத்தொண்டுக்குக் கூலியாக நகை வாங்குவதா என்று இரவெல்லாம் உறங்காமல் தவித்த காந்தியடிகள், எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிடத் தீர்மானித்து, முதலில் பிள்ளைகளின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, அதன் பிறகே மனைவியிடம் வந்தார். கஸ்தூரிபா அழுதார்; அழுதுகொண்டே கேட்டார். எனக்கு வேண்டாம், சரி; நாளை வரப்போகும் மருமகள்களுக்கு என்ன செய்வது? என் பிள்ளைகளை இப்போதே சாமியார்களாக்கப் பார்க்கிற நீங்களா அவர்களுக்கு நகை செய்து போடப்போகிறீர்கள்? என் கழுத்தணியின்மேல் உங்களுக்கு என்ன உரிமை? அது உன் தொண்டுக்குக் கொடுத்ததா, என் தொண்டுக்குக் கொடுத்ததா என்று காந்தியடிகள் திருப்பிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் செய்த தொண்டு நான் செய்ததும்தானே, இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, கண்டவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து என்மேல் சுமத்தினீர்களே, அவர்களுக்கெல்லாம் அடிமைபோல் வேலை செய்தேனே, அது தொண்டு இல்லையா என்றார். அந்தச் சொற்கள் கூர்மையானவை, சில தம் மனத்தில் தைத்தன என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். ஆனாலும் நகைகள் போய்விட்டன.

அரசியல் தலைவர் ஒருவரின் வீட்டில் உலை கொதிப்பதும், நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களுக்கு இலை விழுவதும், பாய் விரிப்பதும் யாருடைய உழைப்பு என்ற கேள்வியை ஒரு மனைவி இவ்வளவு நேராகக் கேட்டு நான் வேறெங்கும் படித்ததில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு நாம் விடை சொல்லவில்லை.

அதற்கு முன்பே, 1898-இல், டர்பன் வீட்டில் நடந்தது பலருக்கும் தெரியும். உடன் தங்கியிருந்த எழுத்தர்களின் மலச்சட்டிகளைக் கணவனும் மனைவியும் எடுத்துக் கழுவ வேண்டும் என்பது காந்தியடிகள் வகுத்த முறை. பஞ்சமர் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஓர் எழுத்தரின் சட்டியை, கண் சிவந்து கண்ணீர் வழிய, கையில் ஏந்தியபடி ஏணிப்படியில் இறங்கி வந்தார் கஸ்தூரிபா. முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும் என்று கணவர் கத்த, உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்ல, கையைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்துப்போனார் காந்தியடிகள். உங்களுக்கு வெட்கமில்லையா, தாய் தகப்பன் உறவு யாருமில்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன், கதவைச் சாத்துங்கள் என்றார் அந்தப் பெண். சாதி பார்த்தது கஸ்தூரிபாவின் தவறு. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். அந்தப் பழக்கம் அவரைவிட்டு எளிதில் போகவுமில்லை. 1915-இல் ஆமதாபாத் ஆசிரமத்தில் தீண்டத்தகாதார் எனப்பட்ட குடும்பத்தைச் சேர்த்தபோதும் மனம் ஒப்பாமல் இருந்தார்; 1938-இல் அரிசனங்களுக்குக் கதவடைத்திருந்த பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் போய்வந்து கணவரைத் துயரத்தில் ஆழ்த்தினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நிழலாக இருந்தவர் கணவர் புறக்கணித்த கோயிலுக்குள் போயிருக்க மாட்டார். அவருடைய சரிகளைப் போலவே தவறுகளும் அவருடையவைதான்.

1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற பொருள்படத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே நாளில் இந்தியப் பெண்கள் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். பெண்களைச் சத்தியாகிரகத்தில் இறக்குவது பற்றி ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் மற்றப் பெண்களிடம் பேசிய காந்தியடிகள், தம் மனைவியிடம் பேசவில்லை. பேச்சைக் காதில் வாங்கிய கஸ்தூரிபா நேரே வந்து, சிறைக்குப் போகத் தகுதியில்லாதபடி என்னிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். போகச் சொல்லிப் போனவர் அல்லர் அவர். கேட்டு வாங்கிக்கொண்டு போனவர். அந்தச் செப்டம்பரில் டிரான்ஸ்வால் மாகாண எல்லையை அனுமதியின்றித் தாண்டிக் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையோடு மாரிட்ஸ்பர்க் சிறைக்குள் நுழைந்தார்.

அந்தச் சிறையில் விரத உணவு கேட்ட ஒரு பெண்ணின் கதையைக் காந்தியடிகள் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் தட்டிக்கழித்து, பிறகு கொடுத்த உணவு மனிதர் உண்ணத் தக்கதாக இல்லை; ஆலிவ் எண்ணெய் கேட்டதற்கு முதலில் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது சிக்குப் பிடித்த பழைய எண்ணெய். சொந்தச் செலவில் வாங்கிக்கொள்கிறேன் என்றபோது, சிறை என்ன ஓட்டலா என்று பதில் வந்தது. விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் வெறும் எலும்புக்கூடாக இருந்தார். அந்தப் பெண் கஸ்தூரிபாதான் என்பது என் துணிபு. பழ உணவு விரதத்தோடு சிறை சென்று நலிந்து திரும்பியவர் அவர்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனிக் கடமை இருக்கிறது. அதே போராட்டத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்டு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்ன பதினொரு பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். அவர்களில் ஆறு பேர் கைக்குழந்தைகளோடு போனவர்கள். அவர்களும் மாரிட்ஸ்பர்க் சிறையில்தான் அடைக்கப்பட்டார்கள். வரலாற்றில் அவர்கள் எப்படி இடம்பெற்றிருக்கிறார்கள் தெரியுமா? ‘திருமதி தம்பி நாயுடு’, ‘திருமதி பி.கே. நாயுடு’, ‘திருமதி சின்னசாமி பிள்ளை’. இரண்டு மணமாகாத பெண்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் இன்னாருடைய சம்சாரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறைக்குப் போனவருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளிவந்து பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை மட்டும் தம் பெயரோடு நிலைத்தார். தில்லையாடி நினைவு மண்டபத்துக்கு மாணவிகளை அழைத்துப்போகும்போதெல்லாம், அவர் யாருக்கும் மனைவியாகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

வள்ளியம்மை இறந்த நாள் 1914 பிப்ரவரி 22. சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1944-இல் அதே பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா இறந்தார். இருவரையும் சேர்த்து நினைக்க நாட்காட்டியே இடம் தந்திருக்கிறது, நாம்தான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

1929-இல் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அறிமுகமில்லாத சிலர் அன்பாகக் கொடுத்த நான்கு ரூபாயைக் கஸ்தூரிபா ஆசிரம அலுவலகத்தில் கட்டாமல் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்காக அவர் பெயரைச் சொல்லி, அவருடைய குறையை விவரித்து, தம் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார் காந்தியடிகள். பொதுப்பணத்தில் அவருக்கிருந்த கண்டிப்பு எனக்கும் போற்றத்தக்கதே. ஆயினும் அறுபது வயதுப் பெண் ஒருத்தி, நான்கு மகன்களைப் பெற்று வளர்த்தவள், கையில் நான்கு ரூபாய் வைத்திருந்ததை நாடு முழுதும் படித்த அன்று ஆசிரமச் சமையலறையில் எப்படி நின்றிருப்பாள் என்பதை நினைக்கும்போது என்னால் அடுத்த பக்கம் திருப்ப முடிந்ததில்லை. தலைவரின் தூய்மைக்கு மனைவி கட்டிய வட்டி இது.

1942 ஆகஸ்ட் 9 அன்று காந்தியடிகள் கைதானபோது, அன்று மாலை பம்பாய் சிவாஜி பூங்காவில் அவர் பேசவிருந்த கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்று முன்வந்தவர் கஸ்தூரிபா. கூட்டத்துக்குப் போகுமுன்பே காவல்துறை அவரைப் பிடித்துக்கொண்டது. புனே ஆகாகான் மாளிகையில் பதினெட்டு மாதம் அடைபட்டிருந்து, இதயநோயும் மூச்சுத்திணறலுமாக நொந்து, கணவரின் மடியில் உயிர்விட்டார். மகன் தேவதாஸ் முயன்று வரவழைத்த பென்சிலின் மருந்தை, சாகும் தறுவாயில் ஊசி குத்தித் துன்புறுத்த வேண்டாம் என்று காந்தியடிகள் தடுத்துவிட்டார். வெளியே பொது இறுதிச்சடங்குக்கு அரசு இணங்கவில்லை. மாளிகை வளாகத்திலேயே எரியூட்டினார்கள். எழுபத்து நான்கு வயதில் அவர் இறந்தது பிரிட்டிஷ் அரசின் கைதியாக. எந்தக் கணவனின் நிழலையும் அரசாங்கம் பதினெட்டு மாதம் பூட்டி வைக்காது.

சென்னை திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனைக்கு அவர் பெயரைச் சூட்டினோம். பிரசவத்துக்குப் போகிற பெண்கள் இன்றும் பழைய பெயரால் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ப்பலகை எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிட்டதாகக் கருதியதால் வந்த விளைவு அது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இரண்டு. வரும் பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபாவையும் வள்ளியம்மையையும் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். ‘நிழல்’, ‘பொறுமையின் சிகரம்’ என்ற சொற்கள் இல்லாமல், அவர்கள் சிறையில் பட்டதை எழுதுங்கள். அந்தப் பக்கத்திலேயே டிரான்ஸ்வால் பெண்களின் இயற்பெயர்களில் ஆய்வாளர்கள் மீட்டவற்றையும் அச்சிடுங்கள். திருமதி தம்பி நாயுடு என்று ஏட்டில் இருப்பவரின் பெயர் வீரம்மாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மயிலாடுதுறை.