மறுநாளும் வந்து கேட்ட தம்பிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

காரைக்குடியிலிருந்து வணக்கம்.

பழைய வீட்டுக் கணக்குகளையும் கடிதங்களையும் படமாக வைத்திருக்கும் எங்கள் லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. பேரேடுகள் திறக்கின்றன. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. "என்னாச்சு, வந்துருச்சா?" என்று இன்னமும் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வரின் டிஸ்க் பழுதாகி, நீங்கள் வழி சொல்லச் சொல்ல அதை மீட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். நீங்களும் என்னோடு சேர்ந்து கண்விழித்தவர்கள்தானே. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்வதற்கு மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த டிஸ்கில் இருந்ததை ஒரு வீட்டுச் சொத்து என்று சொல்ல முடியாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஊர் ஊராகப் போய், ஆச்சிமார் பெட்டகத்தைத் திறந்துகொடுக்க, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தவை. அதற்குப் பிறகு சில வீடுகள் கைமாறிவிட்டன. தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போயின, காகிதம் எடைக்குப் போனது. அந்த வீட்டுக் கணக்குகளுக்கு இப்போது இந்தப் படங்கள்தான் மிச்சம். பக்கத்தில் இருக்கிற கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்து வைத்த புத்தகங்கள், அவர் காலத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக ஆனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவோம். ஒருவர் சேர்த்தது பத்திரமாக இருந்தால் எத்தனை பேருக்கு உதவும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த ராத்திரி எனக்குக் கை நடுங்கியது.

முதல் வேலையாக "டிஸ்கில் எதையும் எழுதாதீங்க, பழுது பார்க்கிற எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டாதீங்க, முதலில் டிடிரெஸ்க்யூ என்கிற நிரலை வைத்து முழுசாக ஒரு நகல் எடுங்க, மற்றதெல்லாம் அந்த நகலில் பார்த்துக்கலாம்" என்று என்னை நிறுத்திய ஐயாவுக்கு நன்றி. சாகக் கிடக்கும் டிஸ்கில் பழுது பார்க்கப் போனால் இருக்கிறதும் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நகல் எடுக்க என்னிடம் அவ்வளவு பெரிய டிஸ்க் இல்லை என்றதும், தன்னுடைய 4 டெராபைட் டிஸ்கைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிய திருச்சி அக்காவுக்கு நன்றி. டிஸ்கை மாட்டும் சாட்டா கேபிளோடு சைக்கிளில் வந்து நின்ற கல்லூரி மாணவனுக்கும், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில் எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று பிரித்துச் சொன்ன சேலத்துக்காரருக்கும் நன்றி. "இது எனக்குத் தெரியாத விஷயம், தெரிந்தவரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே கூப்பிட்டுவந்த யாழ்ப்பாணத்து அண்ணனுக்கும் நன்றி. படங்கள் திறக்கவில்லை என்றதும் "எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு யோசனை வந்தது, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்கிற அனுமதி. அதைச் சொன்னவர் மனம் நோகாதபடி, உரிமையாளர் மட்டும் எழுதும்படி டைரக்டரிக்கு 755, ஃபைலுக்கு 644 போதும், சிக்கல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது என்று திருத்திய மதுரை அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம். எல்லாரையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனி தூத்துக்குடித் தம்பி.

டிஸ்கை மீட்டபோது அவர் அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் சொல்வது சரியாகப் போகிறது, நடுவில் புகுந்து குழப்ப வேண்டாம் என்று இருந்தாராம். எல்லாம் முடிந்து, நீங்கள் எல்லாரும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, மறுநாள் ராத்திரி அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, புதன்கிழமை கரண்ட் இருக்காதுன்னு சொன்னீங்களே. அதுக்கு முன்னாடி ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாத்துட்டீங்களா?"

நான் அதை எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மேலே போய்த் தேடினேன். சர்வரின் செயல்பாட்டுப் பதிவான ஒரு நீளமான லாக்கை ஒட்டிவிட்டு, அதன் அடியில், "புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காதாம், அதற்குள் முடிந்தால் தேவலை" என்று புலம்பியிருக்கிறேன். எல்லாரும் லாக்கைப் படித்தார்கள், அது அப்போது தேவையாகவும் இருந்தது. இவர் என் புலம்பலையும் படித்து, மனசில் வைத்திருந்து, காரியம் முடிந்த பிறகு வந்து கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியின் கனம் அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. சர்வர் இப்போது ஓடுகிறது என்பது வேறு, நிறுத்திப் போட்டால் மறுபடி தானாக எழுந்து வரும் என்பது வேறு. மீட்கும்போது பாதி வேலை கையால் நடக்கிறது. புது டிஸ்கைக் கையால் மவுன்ட் செய்கிறோம், அதாவது ஒரு டைரக்டரியோடு இணைக்கிறோம், ஒரு சேவையைக் கையால் ஸ்டார்ட் செய்கிறோம், ஐபி முகவரியைக்கூடக் கையால் கொடுத்துப் பார்க்கிறோம். எங்கும் எழுதி வைக்காத வரை இதெல்லாம் மெஷின் ஓடும் வரைக்கும்தான். எங்கள் யூபிஎஸ் தாங்குவது அரை மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு அது எந்த மூலைக்கு?

"புதன்கிழமை சாயங்காலம் நான் ட்யூட்டியில இருப்பேன்க்கா, கூப்பிட்டா எடுக்க முடியாது. நான் இருக்கும்போதே செஞ்சு பாத்துருவோம்" என்றார். திங்கட்கிழமை ராத்திரி என்று பேசி முடித்தோம்.

உடனே ரீபூட் போடச் சொல்வார் என்று நினைத்தேன். மானிட்டரும் கீபோர்டும் மெஷினிலேயே மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். நெட்வொர்க் வரவில்லை என்றால் தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் பயன்படாது, நேரில் பார்க்க வழி வேண்டும் என்றார். அப்புறம் டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டு, டிஸ்கின் தனி அடையாள எண்ணான யூயூஐடியைப் பார்க்கச் சொல்லி, பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுத வேண்டிய வரியை என்னையே எழுதச் சொன்னார். அவரே எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் எழுத, அவர் பார்த்து, ஒவ்வொரு பகுதியும் எதற்கு என்று கேட்டுக் கேட்டுப் போனார். மெஷின் டிஸ்குக்கு வைக்கும் எஸ்டிபி1 என்கிற பெயரை எழுதினால் அடுத்த பூட்டில் அதே டிஸ்குக்கு அதே பெயர் வரும் என்று உத்தரவாதம் இல்லை, யூயூஐடி மாறாது. நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்த்தால், அந்த டிஸ்க் ஏதோ காரணத்தால் வராவிட்டாலும் மெஷின் அவசர நிலைக்குப் போய் நிற்காமல் பூட் ஆகும், தூரத்திலிருந்தாவது உள்ளே நுழைந்து பார்க்கலாம். எழுதியதை ஃபைண்ட்மவுன்ட் வெரிஃபை போட்டுச் சரிபார்த்தோம். பிறகு டிஸ்கை அன்மவுன்ட் செய்து, மவுன்ட் மைனஸ் ஏ கொடுத்தோம். எஃப்எஸ்டேபைப் படித்துத் தானாக ஏறியது.

டிஸ்க் இறங்கியிருந்த அந்த இடைவெளியில் அவர் செய்யச் சொன்ன ஒரு காரியத்தை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். மவுன்ட் ஆகாத நேரத்தில் அந்த இடத்தில் வெறும் காலி டைரக்டரிதான் இருக்கும். அது தெரியாமல் ஸ்கேனர் புதுப் படங்களை அதற்குள் கொட்டிக்கொண்டே இருந்தால், மெஷினின் முதன்மை டிஸ்கான ரூட் டிஸ்க் நிரம்பும். பிறகு மேலே உண்மையான டிஸ்க் ஏறியதும் அந்தப் படங்கள் கண்ணுக்கே தெரியாமல் அடியில் போய்விடும். அதைத் தடுக்க, காலியாக இருக்கும்போதே அந்த டைரக்டரிக்கு சிஹெச்அட்டர் ப்ளஸ் ஐ கொடுத்துப் பூட்டச் சொன்னார். இனி டிஸ்க் ஏறாவிட்டால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது, பிழைச்செய்தி உடனே வந்துவிடும். டிஸ்க் ஏறிவிட்டால் வழக்கம்போல எழுதலாம்.

அடுத்து சேவைகள். பூட்டில் தானாக எழுமா என்று ஒவ்வொன்றாக சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் போட்டுப் பார்த்தோம். வலைப்பக்கங்களைத் தரும் எஞ்ஜின்எக்ஸ் சரி. டேட்டாபேஸுக்கு "டிஸேபிள்ட்" என்று வந்தது. மீட்பு நடக்கும்போது அது பாதித் தரவின் மேல் தானாக ஓடிவிடக் கூடாது என்று நாம்தான் யோசித்து அப்படி வைத்தோம், அப்போது அதுதான் சரி. ஆனால் புதன்கிழமை கரண்ட் வந்தபோது அப்படியே இருந்திருந்தால்? அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. தம்பி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "இதுக்குத்தான்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"கரண்ட் திரும்ப வந்தா மெஷின் தானா ஆன் ஆகுமா, இல்ல யாராவது பட்டனை அழுத்தணுமா?"

சர்வர் இருக்கும் வீடு வார நாட்களில் பூட்டித்தான் கிடக்கும். ஆகவே பூட் ஆகும் முன் வரும் பயாஸ் திரைக்குள் போய், கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்கிற அமைப்பைத் தேடினோம். "லாஸ்ட் ஸ்டேட்" என்று இருந்தது. அது போதாதா என்று கேட்டேன். யூபிஎஸ் பேட்டரி தீரும் முன்னால் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்துவிடும், அப்படியானால் கடைசி நிலை "ஆஃப்" ஆகிவிடும், கரண்ட் வந்தாலும் மெஷின் ஆஃபிலேயே இருக்கும் என்றார். "பவர் ஆன்" என்று மாற்றினோம்.

அதன் பிறகுதான் ரீபூட். திரையில் வரிகள் ஓட ஓட, நான் பச்சையில் வந்த ஒவ்வொரு "ஓகே"வையும் வாய்விட்டுப் படித்தேன், அவர் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்து, தோற்றுப்போன சேவை ஏதாவது உண்டா என்று பார்த்தோம். எதுவும் இல்லை. போதும் என்று நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்கக்கா, ஒரு பேரேட்டைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தேன். மேலே பிள்ளையார் சுழி, அடியில் சிவமயம், அதற்குக் கீழே ரங்கூன் கடை வரவு, தமிழ் எண்களில். படத்தை அவருக்கும் அனுப்பினேன். தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகள் என்ன என்று கேட்டார். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று சொன்னேன். "அவ்வளவு சின்னதுக்குக்கூடக் கணக்கு வச்சாங்களா!" என்று அதிசயப்பட்டார். அதற்குப் பிறகு நாங்கள் லினக்ஸைப் பற்றிப் பேசவில்லை. பேரேட்டைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை நான் தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். காலையில் கரண்ட் போனது. சாயங்காலம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியில் பார்த்தேன், பேரேடுகள் திறந்தன. யாரும் அந்த வீட்டுப் பூட்டைக்கூடத் தொடவில்லை.

கட்டளை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்குக் கிடைத்தது நல்லவேளை. ஆனால் கேட்டவர் சந்தோஷமாகிவிட்டார் என்றதும் உதவி முடிந்ததாக எண்ணாமல், மறுநாள் வந்து எட்டிப் பார்க்கிற குணம் அபூர்வம் என்று எனக்குப் படுகிறது. அந்தக்காலக் கடைகளில் கணக்குப்பிள்ளை கையிருப்பை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பூட்டுவார் என்பார்கள். தம்பி எனக்கு அப்படித்தான் இருப்பு ஒத்துப் பார்த்துக் கொடுத்தார். அதற்கு அவர் எதையும் கேட்கவில்லை. பணம் அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு, "நீங்களும் யாருக்காவது இப்படிப் பாத்துக் குடுங்கக்கா" என்றார்.

தம்பி, செய்கிறேன். இனி ஒவ்வொரு மாதமும் மின்தடை அறிவிப்பு வந்ததும், முந்தின நாள் நானே ரீபூட் செய்து பார்ப்பேன். இப்போது மூன்று நகல் இருக்கிறது, ஒன்று வேறு ஊரில். பேக்கப் ஓடியது என்று மின்னஞ்சல் வந்தால் மட்டும் நிம்மதியாகிவிட மாட்டேன், அதிலிருந்து நாலு பக்கத்தை வெளியே எடுத்துத் திறந்து பார்ப்பேன். யாராவது சர்வர் சிக்கலோடு வந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அது சரியாகிவிட்டால், மறுநாள் போய் "ரீபூட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கட்டாயம் கேட்பேன். எழுத்தில் கொடுத்துவிட்டேன், நான் மறந்தால் நீங்கள் யாரும் என்னைப் பிடித்துக் கேட்கலாம்.

திருச்சி அக்கா, உங்கள் டிஸ்கை முழுதும் அழித்து, நீளமான ஸ்மார்ட் சோதனையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கூடவே ஒரு டப்பா சீப்புச் சீடை வரும், அது பிள்ளைகளுக்கு. பஸ் நிலையத்தில் யார் வந்து வாங்குவார்கள் என்று மட்டும் வியாழக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.