எண்ணிக்கையில் வராத எதிர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்களிப்பது குடிமக்களின் கடமையா, அவரவர் விருப்பமா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தை விடாமல் படித்துவருகிறேன். வாக்களிக்காதவர்களுக்கு அரசின் சலுகைகளை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் ஒன்றுதான், வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருப்பதுதான் எங்கள் எதிர்ப்பு என்கிறார்கள் மற்றொரு சாரார். இந்த இரண்டாவது தரப்பின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி, அந்தக் கோபத்தை எவருடைய பார்வைக்கும் கொண்டுசேர்ப்பதில்லை. அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு வாக்குகூட முடிவை மாற்றிவிடும் என்று அவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பதிலை முதலில் ஒதுக்கிவிடலாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் ஒரே வாக்குதான் வெற்றியைத் தீர்மானித்தது. 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலப் பேரவைத் தேர்தலில் இரு வேட்பாளர்கள் தலா 11,608 வாக்குகள் பெற்றதால், கிண்ணத்தில் சீட்டுகளைப் போட்டு எடுத்து வென்றவரை அறிவித்தார்கள். இவையெல்லாம் உண்மைச் சம்பவங்கள்தாம். ஆயினும் இவற்றைக் காட்டி ஒருவரை வாக்களிக்க அழைப்பது, பரிசுச்சீட்டில் கோடி விழுந்தவரின் புகைப்படத்தைக் காட்டிச் சீட்டு விற்பதற்கு ஒப்பானது. ஒரு தனி மனிதரின் வாக்கு முடிவையே மாற்றிவிடும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதையும், வாக்களிப்பதற்கு ஆகும் நேரமும் சிரமமுமோ நிச்சயமானவை என்பதையும் பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1957-லேயே விளக்கிவிட்டார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. வென்றவர் யார் என்பதைத் தீர்மானிப்பதோடு வாக்கின் வேலை முடிந்துவிடுகிறது என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு இருக்கிறது.

வாக்குக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பிரேசிலில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985-இல் வாக்குரிமை கிடைத்தது. ஆனாலும் சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ வாக்காளரே தம் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுத்து புரியவில்லை, எண் தவறாக இருக்கிறது, இடம் வெறுமையாக இருக்கிறது என்று பெருந்தொகையான சீட்டுகள் கழிந்துபோயின. உரிமை இருந்தது, வரிசையில் நின்றார்கள், சீட்டைப் பெட்டியிலும் போட்டார்கள், எண்ணும் மேசையில் அவர்கள் இல்லாமல் போனார்கள். தொண்ணூறுகளில் மின்னணு இயந்திரம் வந்தது. எண்களை அழுத்தினால் திரையில் வேட்பாளரின் படம் தோன்றும். சரியான ஆள்தான் என்று பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். 1998 தேர்தலில் 40,500-க்கு மேற்பட்ட வாக்காளர்கள் பதிவாகியிருந்த நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டுமே இயந்திரம் தரப்பட்டது. மற்ற இடங்களில் பழைய காகிதமே நீடித்தது. இந்த வேறுபாட்டைக் கொண்டு பொருளியலாளர் தாமஸ் ஃபுஜிவாரா ஆராய்ந்தபோது, இயந்திரம் வந்த இடங்களில் செல்லும் வாக்குகளின் பங்கு பத்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்திருந்தது. கூடிய வாக்குகளில் பெரும்பகுதி, படிப்பு குறைந்த ஏழை மக்களுடையது. அதன் பிறகு மாநில அரசுகளின் சுகாதாரச் செலவு கூடியது. படிப்பு குறைந்த தாய்மார்கள் கருவுற்ற காலத்தில் மருத்துவரைப் பார்ப்பது அதிகரித்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் சரிந்தது.

அந்த ஏழைகளில் எவருடைய தனி வாக்கும் எந்தத் தேர்தலின் முடிவையும் மாற்றியதாகச் சொல்ல முடியாது. மாறியது அரசியல்வாதிகளின் கணக்கு. எந்தப் பகுதியிலிருந்து, எந்த வயதிலிருந்து, எந்தத் தொழிலிலிருந்து எத்தனை வாக்குகள் பெட்டிக்குள் வந்து செல்லுபடியாகின்றன என்பதை அவர்களைவிட நுணுக்கமாகக் கவனிப்பவர்கள் வேறெவரும் இல்லை. எந்தக் கூட்டம் கணக்கில் ஏறுகிறதோ அதன் குறையைக் கேட்க ஆள் வருகிறது. மற்றவர்கள் எதிர்ப்பாளர்களாகக்கூடக் கருதப்படுவதில்லை; எவரும் அவர்களைப் பற்றி எண்ணிப்பார்ப்பதே இல்லை.

வாக்களிக்காமல் இருப்பதே எதிர்ப்பு என்போரிடம் எனக்குள்ள மறுப்பு இதிலிருந்துதான் தொடங்குகிறது. வாக்குச்சாவடிக்கு வராதவர்கள் என்ற தொகைக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நோயுற்றவர், வெளியூரில் வேலை பார்ப்பவர், பட்டியலில் பெயர் விடுபட்டவர், விடுப்பு கிடைக்காதவர், இறந்த பின்னும் பெயர் நீக்கப்படாதவர், அக்கறையே இல்லாதவர், அவர்களோடு கொள்கைக் கோபத்தில் வராத நம் நண்பரும். முடிவுகளை வெளியிடும் அட்டவணையில் இவர்களைப் பிரித்துக்காட்டும் பத்தி எதுவும் கிடையாது. ஆகவே அந்த மௌனத்துக்கு வென்றவர் தமக்கு வேண்டிய பொருளைச் சொல்லிக்கொள்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது, மக்கள் நிறைவாக இருக்கிறார்கள், அதனால்தான் வரவில்லை என்பதே.

மௌனத்துக்குத் தவறான பொருள் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலே நாட்டைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை. புதிய அரசமைப்பு எழுதலாமா என்று 2020 அக்டோபரில் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 78 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் தகுதியுடையோரில் பாதிதான். அரசமைப்பை எழுதும் பேரவையைத் தேர்ந்தெடுக்க அடுத்த ஆண்டு நடந்த தேர்தலுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. பேரவையோ நாடே தன் பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில் எழுதி முடித்தது. 2022 செப்டம்பரில் அந்த வரைவு பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. இம்முறை வாக்களிப்பது கட்டாயம் என்று விதி இருந்ததால் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் வந்தார்கள். வந்தவர்களில் சுமார் 62 விழுக்காட்டினர் வரைவை நிராகரித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பலர் மனம் மாறியிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் இரு முறையும் வீட்டில் இருந்துவிட்டவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எழுதியவர்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று. அத்தனை உழைப்பும் வீணானது மிச்சம்.

பிடிக்கவில்லை என்பதைப் பெட்டிக்குள் போட்டவர்களின் கதை வேறு. 1989 ஜூன் 4 அன்று போலந்தில் நடந்த தேர்தலில், நாடாளுமன்றத்தின் 35 இடங்களுக்கு ஆளும் தரப்பின் முக்கியப் புள்ளிகள் போட்டியின்றி ஒரே பட்டியலாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். பிரதமர் ரக்கோவ்ஸ்கியும் அதில் ஒருவர். வேண்டாதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது அந்நாட்டு வாக்குமுறை; பாதிக்கு மேற்பட்டோர் அடிக்காமல் விட்டால்தான் வெற்றி என்பது விதி. ஒவ்வொரு பெயராக அடிப்பானேன் என்று பலர் தாள் முழுவதற்கும் சேர்த்துக் குறுக்கே பெரிய பெருக்கல் குறியாகப் போட்டுவிட்டு வந்தார்கள். 35 பேரில் தேறியவர்கள் இருவர், பிரதமரும் தோற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்சி கைமாறியது. அதே நாளில் வாக்களிக்க வராதவர்கள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். அவர்களிலும் ஆட்சியை வெறுத்தவர்கள் இருந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை.

பிரிட்டனில் இதற்கு ஓர் எளிய வடிவம் உண்டு. செல்லுமா செல்லாதா என்று ஐயத்துக்கு இடமான வாக்குச்சீட்டுகளை எண்ணும் இடத்தில் தனியே எடுத்துவைத்து, வேட்பாளர்களும் அவர்களின் முகவர்களும் பார்க்க, தேர்தல் அலுவலர் ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார். சீட்டின் மீது ஒருவர் கோபமாக எழுதிய வரியை, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே நின்று படிக்க நேரிடுகிறது. வரிசையில் நின்று அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போனவர், வீட்டிலிருந்தபடி பொருமியவரைவிட அதிகமாகச் சாதித்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

வாக்களிக்காமையே வலுவான எதிர்ப்பாக அமைந்த இடம் இல்லையா என்றால், இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் ஒரே பெயர் அச்சிட்ட சீட்டை வாங்கி அப்படியே பெட்டியில் போட வேண்டும். திரைமறைவுக்குள் போனாலே சந்தேகத்துக்கு ஆளாக நேரிடும். 99 விழுக்காட்டுக்கு மேல் வருகை என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பார்கள். அங்கே வராமல் இருப்பது ஒன்றே மனிதருக்கு மிஞ்சியிருந்த மறுப்பு. வீட்டின் பழுதைச் சரிசெய்யாவிட்டால் வாக்களிக்க வரமாட்டோம் என்று அலுவலர்களிடம் பேரம் பேசியவர்களும் உண்டு. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாத இடத்தில் வருகைதான் ஆட்சிக்குத் தேவைப்படுகிறது. அதனால் வராமைக்கு விலை ஏற்படுகிறது. இத்தாலியைப் போல, பாதிப் பேர் வராவிட்டால் பொதுவாக்கெடுப்பு செல்லாது என்று விதி வைத்திருக்கும் நாடுகளிலும் வராமைக்குப் பலன் உண்டு. போட்டியுள்ள சாதாரணத் தேர்தலுக்கு இவை எதுவும் பொருந்தாது. பத்துப் பேர் வந்தாலும் ஆறு பேரின் தேர்வு ஆட்சியில் அமர்கிறது.

சலுகைகளை நிறுத்தச் சொல்லும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தண்டனை சலுகையை நம்பி வாழ்பவரை மட்டுமே சுடும். வசதியுள்ளவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார். இவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஆஸ்திரேலியாவில், 1922-இல் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த வருகை, 1924-இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தலிலேயே 91 விழுக்காடாயிற்று. ஆனால் அங்கே கூட்டாட்சித் தேர்தலுக்கான அபராதம் 20 டாலர்தான். தக்க காரணம் சொன்னால் அதுவும் இல்லை. சனிக்கிழமையில் வாக்குப்பதிவு, அஞ்சல் வாக்கு, முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி, முதியோர் இல்லங்களைத் தேடிப் போகும் நடமாடும் சாவடி என அரசு தன் பங்கை முதலில் செய்திருக்கிறது. இவற்றைச் சொல்லாமல் கட்டாயத்தை மட்டும் எடுத்துக்காட்டுவது பாதி உண்மை. அப்படியிருந்தும் ஏறத்தாழ 5 விழுக்காட்டு வாக்குகள் செல்லாதவையாகப் போகின்றன. ஆளை அழைத்துவருவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

தேர்தலே காலாவதியாகிவிட்டது, குலுக்கலில் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து முடிவெடுக்க விடலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அயர்லாந்தில் அப்படி 99 குடிமக்களை அமர்த்தி, கருக்கலைப்புத் தடை போன்ற கடினமான பொருள்களை மாதக்கணக்கில் விவாதிக்கச் செய்தது நல்ல முயற்சிதான். ஆயினும் 2018 மே மாதம் அந்தத் தடையை நீக்கியது நாடு தழுவிய வாக்கெடுப்பு.

குறைந்த வருகையை ஒரு நோயாகவும் நான் கருதவில்லை. சுவிட்சர்லாந்தின் தேசியத் தேர்தலில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களிக்கிறார்கள். ஆனால் அங்கே 50,000 பேர் 100 நாள்களுக்குள் கையெழுத்திட்டால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே மக்கள் முன் நிறுத்திவிடலாம். ஒரு தேர்தலைத் தவறவிட்டவருக்கு வேறு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் இல்லாத நாடுகளில் வாக்குச்சீட்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது, எனவே கோபமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. இந்தியாவில் எவருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று சொல்ல விரும்பியவர், முன்பு 49-ஓ விதிப்படி அதை அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சாவடியில் இருந்த முகவர்கள் அனைவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். 2013-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பால் இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் வந்தது, ரகசியம் காக்கப்பட்டது. பலன்தான் கிடைக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்து அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது. முதலிடத்தையே பிடித்திருந்தாலும், அடுத்து அதிக வாக்கு பெற்ற வேட்பாளர் வென்றதாகவே விதி சொல்கிறது. கொலம்பியாவில் அப்படி இல்லை. அங்கே வெற்று வாக்கு என்று தனிக் கட்டம் உண்டு. அதற்குப் பாதிக்கு மேல் விழுந்தால் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும், பழைய வேட்பாளர்கள் நிற்கக் கூடாது. 2011-இல் பெய்யோ என்ற நகரின் மேயர் தேர்தலில் ஒரே ஒருவர் களத்தில் இருந்தபோது வெற்று வாக்கு வென்றது; அந்த ஆண்டு டிசம்பரில் வேறு வேட்பாளர்களோடு மறுதேர்தல் நடந்தது.

வாக்களிக்க மாட்டோம் என்று தங்கள் பகுதியில் எழுதிவரும் நண்பர்கள், நோட்டாவுக்கும் அத்தகைய சட்ட வலிமை வேண்டும் என்று எழுதத் தொடங்கினால், அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட நானும் தயார். அதுவரை இருக்கிற பொத்தானையாவது அழுத்திவிட்டு வரட்டும். இந்தூரில் எத்தனை பேர் மறுத்தார்கள் என்பது நமக்கு இலக்கத்தில் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்