லீவு என்றால் பயப்படும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று உங்கள் டெல்டா பதிப்பில் தரங்கம்பாடி, மனோரா, கோடியக்கரை என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் லீவு விட்டால் முழு நாளும் வீட்டில் இருக்க வேண்டுமே என்று பயப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்படி ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுடைய நண்பனையும் தெரியும். இந்தக் கடிதம் அந்த நண்பனைப் பற்றியது.

அடித்தது யார், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பையன் யாரென்று தெரிந்துவிடும்; சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதற்கு இடம் தராது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். இந்தப் பக்கம் நாலு ஊர் தள்ளிப் போனாலும் யாராவது சொந்தக்காரர் இருப்பார்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் அந்தப் பையன் சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்தே வருவானாம். அதை முதலில் கவனித்தது பிளஸ் ஒன் படிக்கிற இந்த நண்பன்தான். துருவித் துருவிக் கேட்கவில்லை. சேர்ந்து படிக்கிறோம் என்று சொல்லி ராத்திரியில் தன் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துக்கொண்டான். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் என் கடையில் ஒரு நகல் எடுத்துத் தன் பையில் பத்திரப்படுத்தினான். ஒருநாள் அந்தப் பையன் தானாகவே சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் பைப்பின் தடம். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

நல்லவேளை, நண்பன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை.

ஆனால் என்னிடம் வருவதற்கு முன் பெரியவர்கள் சிலரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். 'வளர்க்கிறவங்க அடிக்கத்தான் செய்வாங்க' என்றார் ஒருவர். இன்னொருவர் நல்ல மனிதர். அடித்தவரையே கூப்பிட்டு வைத்துச் சமாதானம் பேசினார். அன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வரப்புத் தகராறைப் பேசி முடிக்கிற மாதிரி இதையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் நிலம் இருக்கிறது. இங்கே சோறு போடுவதும் அவர்தான், பைப்பை எடுப்பதும் அவர்தான். பையன் எதை வைத்துப் பேசுவான்? டாஸ்மாக்கைக் கைகாட்டிவிட்டு நகர்வதும் எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்லும் ஆள் குடிக்காதவர்.

நண்பன் கடைக்கு வந்து, 'அக்கா, போன் பண்ணினா என் பேரு வெளிய வருமா?' என்றுதான் முதலில் கேட்டான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு என் போனிலிருந்தே பேசினான். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது. பையன் இப்போது எங்கே இருக்கிறான், காயம் இருக்கிறதா, இன்று ராத்திரி எங்கே படுப்பான் என்று நிதானமாகக் கேட்டார்கள். பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல், பள்ளியிலேயே பையனைத் தனியாகப் பார்த்தார்கள். அப்புறம் குழந்தைகள் நலக் குழு விசாரித்தது.

புகார் சொன்னால் பிள்ளையை ஏதோ ஹோமில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள் என்று இங்கே பலருக்குப் பயம். அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. இவன் இப்போது வேறொரு உறவினர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிறான்.

பொறுப்பில் இருப்பவர் பிள்ளையை வதைத்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது அதே சட்டம். பாலியல் தொல்லை என்றால் இன்னும் கண்டிப்பு. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. விஷயம் தெரிந்தும் சொல்லாத பிள்ளைக்கு அந்தத் தண்டனை கிடையாது, 18 வயது தாண்டிய நமக்குத்தான். பிள்ளைகள் வந்து சொல்லும்போது 'உனக்கு ஏண்டா ஊர் வம்பு' என்று விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

போன் பண்ணியது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் திண்ணையில் இடம் கொடுத்தவன் என்பதால், 'குடும்பத்தைப் பிரிச்சுட்டான்' என்று டீக்கடையில் அவனைத்தான் பேசுகிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் மேட்டூர் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள். எங்கள் பக்கம் அதைப் பார்க்காமல் பேப்பரை மடிக்கிறவர் கிடையாது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. கட்டம் கட்டிப் பெரிதாகப் போட வேண்டாம். அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பையன் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். சின்ன எழுத்தே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)