சளியில் கிருமி இல்லை என்றால் டி.பி. இல்லை என்று ஆகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று வயதுக் குழந்தையின் சீட்டில் ‘சளி நெகட்டிவ், டி.பி. இல்லை’ என்று எழுதி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த வயதில் சளியைக் காறித் துப்பவே தெரியாது. டப்பாவில் விழுந்திருப்பது பெரும்பாலும் எச்சில்தான். நல்ல சளி கிடைத்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. பெரியவர்களுக்கு நுரையீரலில் குழி விழுந்து கிருமி பெருகுகிறது. குழந்தைகளுக்கோ நோய் பெரும்பாலும் மூச்சுக்குழலை ஒட்டிய நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) தங்கிவிடுவதால் வெளியே வரும் கிருமி மிகக் குறைவு. நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமானால் ஒரு மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும், அதில் பொருத்தும் அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு (மாதிரியை விடும் சிறு பெட்டிக்கு) இருபதுக்கும் குறைவு. ஆனால் மாதிரி சரியில்லாதபோது எந்தக் கருவியும் கைகொடுக்காது.

தூக்கத்தில் குழந்தை விழுங்கும் சளி விடியற்காலையில் இரைப்பையில் இருக்கும். குறைந்தது நான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருந்து, குழந்தை எழுந்து நடமாடுவதற்கு முன், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுப்பதற்கு முன், மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு அந்த நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். 5 முதல் 10 மி.லி. வந்தால் நல்லது. மிகக் குறைவாக வந்தால் கொஞ்சம் சலைன் உள்ளே விட்டு மறுபடி உறிஞ்சலாம். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பும் மாதிரி நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேராது என்றால், வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லாமலிருக்க சோடியம் பைகார்பனேட் சேர்க்க வேண்டும். முதல் பஸ்ஸில் கிளம்பி, வழியில் குழந்தைக்கு இட்லி ஊட்டி, பத்து மணிக்கு வந்து சேரும் தாயிடம் இந்த மாதிரியை எதிர்பார்ப்பதில் பொருளே இல்லை. முந்தைய மாலையே குழந்தையை வார்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குழாய் விட வழியில்லாத இடங்களுக்கு மலப் பரிசோதனை பெரிய வரம். விழுங்கிய கிருமியின் தடயம் மலத்திலும் வரும். உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சுமார் 0.8 கிராம் மலத்தைக் குச்சியால் எடுத்து, சிபிநாட்டுக்கான 8 மி.லி. கரைசல் பாட்டிலிலேயே போட்டு நன்றாகக் குலுக்கி, 10 நிமிடம் வைத்து, மீண்டும் குலுக்கி, இன்னும் 10 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு மேலே தெளிந்த நீரில் 2 மி.லி. மட்டும் கார்ட்ரிட்ஜில் விட வேண்டும். அளவு கூடினாலோ அடியில் தங்கிய சக்கை கலந்தாலோ கருவி ‘எரர்’ காட்டும். அதைப் பார்த்து முறையே சரியில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். இதிலும் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எக்ஸ்ரேயில் குழந்தை ஒருக்களித்துவிட்டாலோ, மூச்சை வெளியே விடும் நொடியில் படம் எடுத்தாலோ, தைமஸ் சுரப்பியும் இதயமும் நெறிக்கட்டு போலத் தோன்றும். பக்கவாட்டுப் படம் ஒன்று சேர்த்து எடுத்தால் நெறிகள் தெளிவாகத் தெரியும். டி.பி. தொற்றைக் காட்டும் தோல் சோதனையான மாண்டூ ஊசியை (0.1 மி.லி., முன்கையின் உட்புறத் தோலுக்குள்) 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். சிவப்பை விட்டுவிட்டு, தடிப்பை மட்டும் கைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். 10 மி.மீ. என்றால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு 5 மி.மீ. போதும். கிருமி உடலுக்குள் போயிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். சத்துக்குறைவான குழந்தைக்கு நோய் இருந்தும் தடிக்காமல் போகலாம். ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்க்கும் சோதனைகளை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் பெற்றோர் மறுத்துவிடலாம்.

பத்து வயதைத் தாண்டியவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பெரியவர்களைப் போலவே நுரையீரலில் குழி விழும், வகுப்பில் பிறருக்கும் தொற்றும். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொன்னால் நல்ல சளியும் கிடைக்கும். பெண் பிள்ளை மெலிந்தால் பரீட்சைப் பயம், சாப்பாட்டில் அடம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கொடுமை. எக்ஸ்ரேயைக் கணினியே படித்துச் சொல்லும் மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே. சின்னக் குழந்தையின் படத்துக்கு அதன் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், மூன்று மாதத்தில் 5 விழுக்காடு எடைக் குறைவு (12 கிலோ குழந்தைக்கு 600 கிராம்), வீட்டில் யாருக்காவது டி.பி., இவற்றோடு எக்ஸ்ரேயும் ஒத்துப்போனால், கிருமி அகப்படாவிட்டாலும் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலில் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதற்கென மதிப்பெண் முறையே இருக்கிறது. இரண்டு வயது நிரம்பாதவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், கடும் சத்துக்குறைவு உள்ளவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. மற்றவர்களுக்கு அமாக்ஸிசிலின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் கொடுத்து ஓரிரு வாரம் கவனிக்கலாம். லிவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை மட்டும் இந்த இடைவெளியில் தொடக் கூடாது, அவை டி.பி. கிருமியையும் அரைகுறையாக அடக்கி, இருமலைக் குறைத்து, நோயை மறைத்துவிடும்.

ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இரைப்பை நீர் எடுக்க இரவில் குழந்தையைச் சேர்க்க ஒரு கட்டிலும், சிபிநாட் உள்ள எல்லா மையங்களிலும் மலப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநரும் வேண்டும். சுகாதாரத் துறை இதைச் செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர்கள் சிலர்,
மதுரை