பதின்மூன்று கிலோவுக்கு ஒரு நன்றி மடல்

தில்லி ஆர்.கே.புரம், முனிர்க்கா பக்கத்துத் தமிழ் உறவுகளுக்கும், தமிழே தெரியாமல் எனக்கு உதவிய மற்றவர்களுக்கும் வணக்கம்.

மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சார், சுகர் வந்துடுச்சா?" என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை. 2024 மே 25 அன்று தில்லியில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது நான் 96 கிலோ. அந்த வெயிலில் வரிசையில் நிற்க முடியாமல் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இருந்த எழுபது வயதுப் பாட்டி நின்றுகொண்டே வந்தார். இப்போது 83. குறைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, குறைக்கவைத்தார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் டிஸ்பென்சரி டாக்டர் அம்மா. எடை மெஷினைக் காட்டிப் பயமுறுத்தாமல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். என் அளவை இங்கே எழுதப் போவதில்லை. உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்றும் அவர்தான் சொன்னார். என்னுடையது 34-இல் இருந்து 29-க்கு வந்திருக்கிறது. ஆக, இன்னும் வேலை பாக்கி. "நடை உடம்புக்கு நல்லது, ஆனால் எடை குறைவது வாயால்தான்" என்று அவர் சொன்னதை அப்போது நான் ரசிக்கவில்லை.

என் வாய்க்குப் பெரிய எதிரி அரசியல். ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி. விவாதம் தொடங்கினால் மடியில் மிக்சர் டப்பா. ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தக் கத்த என் கையும் வேகமாகப் போகும். வாக்கு எண்ணிக்கை நாளென்றால் கேட்கவே வேண்டாம். காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டோடு பஜ்ஜியும் தொடங்கிவிடும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மூன்றாம் மாடி சர்தார்ஜி. "டி.வி.யில் எதற்குக் கேட்கிறாய், என்னோடு சண்டை போடு" என்று பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் ஒரு கட்சி. கூட வரும் திருச்சூர்க்காரர் அதற்கு நேர் எதிர். எனக்கு இருவர் கட்சியும் பிடிக்காது. வாதம் முடியாமல் யாரும் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது சர்தார்ஜி போட்ட சட்டம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா நள்ளிரவு தாண்டி மக்களவையில் ஆதரவு 288, எதிர்ப்பு 232 என்று நிறைவேறியது. அதை மோர் குடித்துக்கொண்டே கடைசிவரை பார்த்தேன். மறுநாள் காலை பூங்காவை எத்தனை சுற்று சுற்றினோம் என்று எங்களுக்கே தெரியாது. திருச்சூர்க்காரருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் கடைசிப் பதிலைச் சொல்லாமல் விடவில்லை. மூவரில் ஒருவர்கூட இதுவரை கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நல்லவேளை, மாற்றியிருந்தால் நடை நின்றுபோயிருக்கும்.

பிரதமருக்கும் ஒரு நன்றி. அவருக்கு ஓட்டுப் போட்டேனா என்பது எனக்கும் அந்த இயந்திரத்துக்கும் மட்டும் தெரியட்டும். 2025 பிப்ரவரி மன் கி பாத் வானொலி உரையில் சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். உடல் பருமனுக்கு எதிராகப் பேச அவர் அழைத்த பத்துப் பேரில் எதிரணியைச் சேர்ந்த ஒமர் அப்துல்லாவும் இருந்ததால் எங்கள் பூங்காவில் அன்று அபூர்வமாகச் சமாதானம். ஆனால் வீட்டில் அந்த அறிவிப்பைச் சட்டமாக்கியவர் என் மனைவி. "நான் பத்து வருஷமா சொல்றேன், காதுல ஏறல. அவர் பத்து பர்சன்ட்னு சொல்லியிருக்கார், நம்ம வீட்டுக்கு முப்பது" என்றார். மூன்று பேருக்கு மாதம் மூன்று லிட்டர் வாங்கியது இரண்டாகக் குறைந்தது. ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் வதக்கல் முன்போல இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். மற்றபடி அவருக்கு எப்படி நன்றி சொல்வது? சொன்னால், "சரி, பால் வாங்கிட்டு வாங்க" என்பார்.

அரசாங்கத்தின் இடது கையும் வலது கையும் பேசிக்கொள்ளாததை இங்கே சொல்லியாக வேண்டும். அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை எச்சரிக்கைப் பலகை வையுங்கள் என்றது சுகாதார அமைச்சகம். சமோசாவுக்குத் தடை வந்ததுபோல 2025 ஜூலையில் ஊரே அலறியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பாக்கெட் மிக்சருக்கு ஜி.எஸ்.டி. 12-இல் இருந்து 5 சதவீதம்! எங்கள் கேன்டீன்காரர் இந்த நாடகத்தில் எந்தப் பக்கமும் சேராமல், நான் வந்தாலே சமோசாத் தட்டைத் துணியால் மூடிவிட்டு எண்ணெய், நெய் தடவாத வெறும் சுக்கா ரொட்டி வைப்பார். அவருக்கு என் வணக்கம்.

அப்புறம் காய்கறி வண்டிக்கார பையா (இந்தியில் அண்ணன்). பீகாரின் சமஸ்திபூர்க்காரர். "லௌகி எடுத்துக்கோ, தோரி எடுத்துக்கோ" என்று சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் பையில் திணிப்பாரே தவிர, உருளைக்கிழங்கு கேட்டால் என்னைப் பார்க்காத மாதிரி தராசைத் துடைப்பார். சட் பூஜைக்கு ஊருக்குப் போனவர், 2025 நவம்பர் 6 அன்று சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று தங்கிவிட்டார். அந்த நாட்களில் வண்டியைத் தள்ளி வந்த அவருடைய மருமகன், நான் வாயைத் திறப்பதற்குள், "அங்கிளுக்கு ஆலூ கிடையாது, மாமா சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றான். பீகாரில் 243-க்கு 202 இடம் ஒரே கூட்டணிக்குப் போனதில் இவருடைய ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கொத்தமல்லிக் கட்டு ஒன்றைச் சும்மா போட்டார்.

நவம்பர் புகைமூட்டத்தில் பூங்கா நடை நின்றதும் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி விரட்டிய என் மகளுக்கும், சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்ட மாமிக்கும் நன்றி.

சர்தார்ஜிக்கும் பையாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இதை அவர்களுக்கு இந்தியில் சொல்லிக் காட்டும் பொறுப்பை மகள் ஏற்றிருக்கிறாள். சர்தார்ஜியிடம் மட்டும், அவர் கட்சி எனக்குப் பிடிக்காது என்ற வரியை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும், திரும்பச் சொன்னால் இன்னும் நாலு சுற்று நடக்க வேண்டிவரும்.